ஜலீல் நானாவின் தீவு

செய்தி வந்தபோது நான் மில்லிக்கனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்தேன். கடைக்காரப் பெண் ஒவ்வொரு பிரேமாக எடுத்து என் முகத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைபேசியில் ஷிபானா. ஜலீல் நானாவின் ஒரே மகள்.

"அங்கிள், வாப்பா மௌத்தாகிட்டார். திஸ் மோர்னிங். சுபஹுக்கு எழும்பித் தொழுதவர். பிறகு நெஞ்சு நோகுதெண்டு உம்மாட்டச் சொன்னவராம்..."

மிச்சத்தை ஆங்கிலத்தில் சொன்னாள். அம்புலன்ஸ் வந்தது, வந்தவர்கள் வெகுநேரம் முயன்றது, உம்மா இன்னும் சமையலறைக் கதிரையை விட்டு எழும்பாமல் இருப்பது. கடைசியில் தமிழுக்குத் திரும்பினாள். "நாளைக்கு லுஹர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா நல்லடக்கம். நீங்கள் வருவீங்கள்தானே?"

"வாறன் அம்மா" என்றேன்.

கைபேசியை வைத்துவிட்டு மண்ணிறப் பிரேமைத் தெரிவுசெய்தேன். கறுப்பு உங்களுக்கு எடுப்பாக இருக்கும் என்று அந்தப் பெண் சொன்னாள். இல்லை, மண்ணிறமே போதும் என்றேன். எத்தனை நாளில் கிடைக்கும் என்றும் கேட்டேன். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அழுகை அன்று வரவில்லை, இன்றுவரையும் வரவில்லை. ஆகவே ஜலீல் நானாவைத் தெரிந்த உங்களுக்கு, நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

உங்களில் பலருக்கு அவர் 'தீவார்'. அந்தப் பட்டம் எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் குறைவு. அது வந்த நாளில் நான் பக்கத்தில் நின்றேன்.

இந்த நாட்டுக்கு வந்தபிறகு நாங்கள் இருவரும் கடிதங்களைத் தரம்பிரிக்கும் ஒரு நிலையத்தில் வேலை செய்தோம். இயந்திரத்தால் வாசிக்க முடியாத முகவரிகள் எங்கள் மேசைக்கு வரும். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு கிழமைகூட ஆகியிருக்காது. ஒரு காலை, மேற்பார்வையாளர் ஒரு கடித உறையைத் தூக்கிப் பிடித்து, எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். யாரோ விளையாடியிருக்கிறார்கள், இப்படி ஓர் இடமே உலகத்தில் இல்லை என்றார். உறையில் ட்ரிஸ்டன் டா கூன்யா என்று எழுதியிருந்தது.

எனக்கு எதிரே நின்ற மெலிந்த மனிதர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "இருக்கிறது. இங்கிலாந்துக்குப் போடுங்கள். அங்கேயிருந்து கேப் டவுன். பிறகு கப்பல்."

உனக்கு எப்படித் தெரியும் என்று மேற்பார்வையாளர் கேட்டார்.

"நான் அங்கே இருந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் உறையை வாங்கி, உரிய பெட்டியில் போட்டுவிட்டு, அடுத்த கடிதத்தை எடுத்தார். 'தீவார்' பிறந்தது அன்றுதான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்து அமர்ந்தார். ஒரு காலைச் சற்றே இழுத்து நடப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"தமிழோ?"

"ஓம்."

"நான் சொன்னதை நீங்கள் நம்பேல்லைத்தானே?"

"நம்புறன் நானா."

"பொய். பரவாயில்லை" என்று சிரித்தார். பிறகு, "யாழ்ப்பாணத்தில எவடம்?" என்றார்.

"ரவுணுக்குக் கிட்ட" என்று நகரத்தை மட்டும் சொன்னேன்.

"நான் சோனகத் தெரு" என்றார்.

நான் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் திறப்பதில் மும்முரமானேன்.

இதை வாசிக்கும் இளையவர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். யாழ்ப்பாண நகரில் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பகுதி சோனகத் தெரு. தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபர் மாதக் கடைசியில் அப்போது ஊரைத் தன் கையில் வைத்திருந்த ஆயுத இயக்கம் அவர்களை யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேறச் சொன்னது. எல்லோரையும் ஒரு மைதானத்துக்குக் கூப்பிட்டு இரண்டு மணிநேரம் கொடுத்தது. உடுத்த உடையோடும் ஒரு பையோடும் போனார்கள். ஜலீல் நானாவுக்கு அப்போது இருபத்து நாலு வயது. எனக்கு இருபது.

இருபது வருடத்துக்கு மேலாக ஒன்றாக வேலை செய்தோம். அவர் அஜின்கோர்ட்டில், நான் இரண்டு தெரு தள்ளி. கால் காரணமாக அவர் கார் ஓட்ட விரும்புவதில்லை. போகவும் வரவும் என் காரில்தான். அந்தத் தீவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் காரில் கேட்டது. சிவப்பு விளக்குகளில் நிற்கும்போது பெருவிரலால் கண்ணாடிப் புகையில் படம் கீறிக் காட்டுவார். நடுவில் ஒரு மலை, அடியில் ஒரு துண்டு நிலம், அதில் கொஞ்சம் வீடுகள். சுற்றவரக் கடல்.

புத்தளத்தில் அகதி முகாமில் சில காலம் இருந்துவிட்டு, கொழும்பில் ஓர் உணவுக்கடையில் சமையல் பழகி, அங்கிருந்து கப்பலில் சமையற்காரராகப் போனவர் அவர். கப்பல் மாறிக் கப்பல் மாறி, கடைசியில் கேப் டவுனிலிருந்து அந்தத் தீவுக்குச் சாமான் கொண்டுபோகும் கப்பலில் சேர்ந்தார். உலகத்தில் மனிதர் வாழும் இடங்களில் எல்லாவற்றிலிருந்தும் மிகத் தொலைவில் இருப்பது அதுதான். விமானம் இறங்க இடமில்லை. கப்பலில் ஏழு நாள், காற்று எதிராக இருந்தால் அதற்கும் மேல். அங்கே முந்நூறு பேர்கூட இல்லை.

பெரிய கப்பல் கரைக்குப் போக முடியாது. வெளியே நங்கூரம் போட்டு, சாமான்களைத் தட்டையான படகில் இறக்கவேண்டும். அவர் போன இரண்டாம் பயணத்தில், மாவு மூட்டைகளை இறக்க உதவிக்கு நின்றபோது அலை படகைத் தூக்கிக் கப்பலோடு மோதியது. அவருடைய வலது கால் இடையில் அகப்பட்டது. எலும்பு இரண்டாக முறிந்தது. கரைக்குக் கொண்டுபோய், தீவின் ஒரே மருத்துவர் எலும்பைப் பொருத்திக் கட்டினார். அதற்குள் காற்று மாறிவிட்டது. கப்பல் நிற்க முடியாது. கப்டன் வானொலியில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் புறப்பட்டார். அடுத்த கப்பல் வர மூன்று மாதம்.

"யன்னலால பாத்துக்கொண்டு கிடந்தன்" என்று சொன்னார். "கப்பல் சின்னனாகிச் சின்னனாகிப் போச்சு. அப்ப எனக்குப் பயம் வரேல்லை, யோகன். ஒண்டுமே வரேல்லை. முதலே ஒருக்கா எல்லாத்தையும் விட்டிட்டு வந்தவனுக்கு ரெண்டாந்தரம் அவ்வளவு நோகாது."

ஆஸ்பத்திரியில் நெடுநாள் வைத்திருக்க வசதியில்லை. ஐரிஸ் என்ற பெண் அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் கடலில் இறந்துபோனவர். மீன் பதனிடும் இடத்தில் வேலை. முதல் நாள் ஆட்டிறைச்சிக் கறி வைத்துக் கொடுத்தாராம். நானா தயங்கித் தயங்கி, நான் இதைச் சாப்பிடமாட்டேன், எங்கள் முறைப்படி அறுத்ததில்லை என்று சொன்னார். ஐரிஸ் கோபிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டுபோய் வைத்துவிட்டு, அவித்த உருளைக்கிழங்கும் மீனும் கொண்டுவந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவரும் இறைச்சி சமைக்கவில்லை. மூன்று மாதம் இருவரும் கிழங்கும் மீனும் சிங்கி இறாலும்தான்.

"எனக்காக விடவேண்டாம் எண்டு சொன்னன். ரெண்டு சட்டி கழுவ எனக்கு ஏலாது எண்டிட்டா."

இடையில் நோன்பு மாதம் வந்தது. கைத்தடியோடு எழுந்து நிற்கத் தொடங்கிய நாட்கள். மக்கா எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை. கப்பலில் என்றால் யாரையாவது கேட்கலாம். தீவில் ஒரே ஒரு பொலிஸ்காரர் இருந்தார். அவருக்கு வேலை அதிகம் இல்லை. ஐரிஸ் அவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் ஒரு கடல் வரைபடத்தையும் அடிமட்டத்தையும் கொண்டுவந்து மேசையில் விரித்து, ஒரு பின்னேரம் முழுக்கக் கணக்குப் பார்த்தார். பிறகு வரைபடத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்று கையை நீட்டிக் காட்டினார். வடகிழக்கு. கடற்பக்கம்.

"முப்பது நாளும் நான் தனிய நிண்டு தொழுதன். இமாமும் நான், பின்னால நிக்கிற ஆளும் நான்" என்று சொல்லிச் சிரிப்பார். இந்தக் கதையை மட்டும் அவர் பலருக்கும் சொல்லியிருக்கிறார். உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள்.

ஆனால் இன்னொன்றை அவர் எனக்கு மட்டும்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஐரிஸும் அகதியாக இருந்தவர். அறுபதுகளின் தொடக்கத்தில், அவர் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தபோது, வீடுகளுக்குப் பக்கத்திலேயே எரிமலை வெடித்தது. தீவிலிருந்த அத்தனை பேரையும் கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். வீடு கொடுத்தார்கள். வேலை கொடுத்தார்கள். இனி இவர்கள் இங்கேதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். இரண்டு வருடம் போவதற்குள் அவர்கள் கூடி வாக்களித்தார்கள். ஒருசிலரைத் தவிர எல்லோரும் திரும்பிப் போவோம் என்றார்கள். போனார்கள்.

நானா அவரிடம் கேட்டாராம்: திரும்பிப் போனபோது உங்கள் வீட்டில் யார் இருந்தார்கள்?

ஐரிஸுக்குக் கேள்வி விளங்கவில்லை. யார் இருப்பார்கள்? ஒருவருமில்லை. கதவு திறந்து கிடந்தது. கூரை கொஞ்சம் போயிருந்தது. அப்பா கூரையைப் போட்டார்.

"நான் பிறகு ஒண்டும் கேக்கேல்லை" என்றார் நானா. அன்றைக்கு மழை. வைப்பர் போய்வந்துகொண்டிருந்தது. "அவைக்கு எரிமலை. எரிமலைக்கு அவையின்ர பேர் தெரியாது. எங்களை அனுப்பினவங்களுக்கு எங்கட பேர் தெரியும்."

நான் வீதியைப் பார்த்துக் காரை ஓட்டினேன்.

யுத்தம் முடிந்தபிறகு அவர் ஒருமுறை சோனகத் தெருவுக்குப் போய்வந்தார். கூரையில்லாத வீட்டில் கால்மணி நேரம் நின்றாராம். அந்தப் பயணத்தைப் பற்றி வேறு எதுவும் சொல்லவில்லை. தீவுக்குத் திரும்பிப் போகவேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஐரிஸுக்கும் அவருக்கும் வருடத்தில் இரண்டு மூன்று கடிதம் போய்வரும். மின்னஞ்சல் வந்தபிறகும் கடிதம்தான்.

அந்தத் தீவுக்கு நினைத்தவுடன் போக முடியாது. தீவுச் சபையிடம் அனுமதி கேட்டு எழுதவேண்டும். எங்கே தங்குவீர்கள், எதற்கு வருகிறீர்கள் என்று சொல்லவேண்டும். நாங்கள் இருவரும் ஓய்வுபெற்ற வருடம் அவர் எழுதினார். தன் பெயரோடு என் பெயரையும் போட்டார். என்னைக் கேட்டுத்தான் போட்டார். நான் ஓம் என்று சொன்னேன். அனுமதி வந்த நாளில், நூர்ஜஹான், அவருடைய மனைவி, வட்டிலப்பம் செய்து தந்தார்.

"யோகன் அண்ணை கூடப் போறதால எனக்கு நிம்மதி" என்றார். "இந்த மனிசன் தனியப் போனால் இந்தமுறை மற்றக் காலையும் முறிச்சுக்கொண்டு வரும்."

புறப்பட ஐந்து கிழமை இருக்கும்போது, என் முழங்கால் மோசமாகிவிட்டது, படகில் இறங்கி ஏற முடியாது என்று நானாவிடம் சொன்னேன். முழங்கால் வலி உண்மைதான். மருத்துவரும் சொன்னார். ஆனால் அதற்காக நான் போகாமல் நிற்கவில்லை.

ஏழு நாள் கப்பலில் அவரோடு பேசிக்கொண்டு போகலாம். அது எனக்குப் பழக்கம். ஆனால் அந்த வீட்டில் சாப்பாட்டு மேசையில் அமர்ந்ததும் ஐரிஸ் கேட்பார்: நீங்கள் இருவரும் ஒரே ஊரா? ஜலீல் ஊரைவிட்டுப் போனபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? யாரும் கேட்கக்கூடிய சாதாரணக் கேள்வி. எங்கள் ஆட்கள் யாரும் கேட்கமாட்டார்கள். அவர் கேட்பார். நானா பக்கத்தில் இருப்பார்.

"முழங்காலைப் பாருங்கோ. தீவு எங்கயும் போகாது" என்றார் நானா. ஷிபானா தானும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று தனியாகவே போனார்.

அவர் இறங்கவில்லை. உங்களில் பலர் அது தெரியாமல், தீவு எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அவரும் நல்லாயிருந்தது என்று சொல்லிவிட்டார். உண்மை இதுதான். கப்பல் எட்டாம் நாள் தீவுக்கு முன்னால் போய் நின்றது. அலை அடங்கவில்லை. அடுத்த நாள் பார்ப்போம் என்றார்கள். அடுத்த நாளும் அதே அலை. ஐந்து நாள் அப்படி நின்றது. நானா காலையில் சப்பாத்தைக் கட்டி, பையை மூடி, மேல்தளத்தில் காத்திருப்பார். மத்தியானம் சப்பாத்தைக் கழற்றுவார். வீடுகள் தெரிந்தன. நடந்துபோகும் ஆட்கள்கூடத் தெரிந்தார்கள். ஐரிஸின் வீட்டுக் கூரை முன்பு பச்சை, இப்போது சிவப்பு. ஆறாம் நாள் காற்று இன்னும் பலமானது. கப்பல் திரும்பியது.

புறப்படுவதற்கு முன்னர் கப்டன் அவரை வானொலிக்குக் கூப்பிட்டார். கரையில் துறைமுகத்து வானொலியில் ஐரிஸ் இருந்தார். எழுபதைத் தாண்டிய குரல். இருவரும் சில நிமிடம் பேசினார்கள். கால் எப்படி என்று அவர் கேட்டார். மழை வந்தால் நோகும் என்றார் இவர். எனக்கும் அப்படித்தான் என்றார் அவர். ஐந்து நாளும் இரண்டு பேருக்குக் கிழங்கு அவித்து வைத்தேன், இரண்டு பேரின் சாப்பாட்டையும் நானே சாப்பிட்டேன், உன் சிநேகிதர் எங்கே என்று கேட்டார்.

"அவருக்கு முழங்கால் வருத்தம் எண்டு சொன்னன்" என்றார் நானா.

இதை அவர் எனக்குச் சொன்னது அஜின்கோர்ட்டில் ஒரு பிளாசாவின் கார்த் தரிப்பிடத்தில். அவர் திரும்பிவந்து மூன்று கிழமை ஆகியிருந்தது. பிற்பகல். கடதாசிக் குவளைகளில் தேநீர். முன்கண்ணாடிக்கு வெளியே ஆட்கள் மரக்கறிப் பைகளோடு போய்க்கொண்டிருந்தார்கள்.

"நானா, முழங்காலால நான் வராமல் நிக்கேல்லை" என்றேன்.

"ம்."

"உங்கட தெருவுக்குப் பக்கத்தில, ஐஞ்சு சந்தியில, உங்களை வெளிக்கிடச் சொன்ன அண்டைக்கு, நான் நிண்டனான். சைக்கிளோட. உங்கட சனம் வரிசையாப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மனிசி, கையில குழந்தை, மற்றக் கையில பெரிய பை. 'தம்பி, இந்தப் பையை மட்டும் அந்த மைதானம் வரைக்கும் கொண்டுவந்து தாறீங்களோ' எண்டு கேட்டவ. துவக்கோட நிண்டவங்கள் பாத்துக்கொண்டு நிண்டவங்கள். நான் சைக்கிள் காத்துப் போட்டுது எண்டு சொன்னன். காத்துப் போகேல்லை. அவ சில்லைக் குனிஞ்சு பாத்தா. பாத்திட்டுப் போனா. நான் சைக்கிளைத் திருப்பி உருட்டிக்கொண்டு வீட்ட வந்தன். வீடு வருமட்டும் ஏறி ஓடேல்லை."

நானா குவளையின் மூடியைக் கழற்றினார். திரும்ப மூடினார்.

"அது எங்கட உம்மா இல்லை" என்றார். "உம்மாட்டக் கைக்குழந்தை இல்லை."

"ஓம்."

"நீங்கள் நிண்டது எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"சைக்கிள் தெரியாது. நிண்டது தெரியும். முதல் நாள் சாப்பாட்டு மேசையில எவடம் எண்டு கேக்க, ரவுணுக்குக் கிட்ட எண்டு சொன்னியள். ரவுண்காரன் எண்டால் ரோட்டின்ர பேரைச் சொல்லுவான். பேரை ஒளிக்கிறவன் எங்கட தெருவுக்குப் பக்கத்தில இருந்தவன்தான்."

"அப்ப ஏன் நானா ஒருநாளும் கேக்கேல்லை?"

"கேட்டால் நீங்கள் சொல்லவேணும். சொன்னால் உங்களை நான் என்ன செய்யிறது?" என்றார். "வேலைக்குப் போக வர எனக்கு வேற ஆர் இருந்தது?"

அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை.

"உங்களை மட்டுமில்லை, யோகன். இஞ்ச கடையில, கலியாணவீட்டில, எங்க போனாலும் எனக்கு உந்தக் கணக்கு ஓடும். உவருக்கு அப்ப எத்தினை வயது, உவர் எவடத்தில நிண்டிருப்பார் எண்டு. ஓடிக்கொண்டே இருக்கும். அந்தத் தீவில மட்டும்தான் ஓடேல்லை. அங்க ஒருத்தரும் நிண்டிருக்கேலாது. அதுக்காகத்தான் திரும்பப் போகப் பாத்தன்."

நான் ஆறிப்போன தேநீரைக் குடித்தேன்.

"நீங்கள் எழுதுற ஆள்தானே. உந்தக் கதையை எழுதுங்கோ" என்றார். "ஆனால் நான் மௌத்தான பிறகு எழுதுங்கோ. உயிரோட இருக்கேக்க எழுதினா, ஒவ்வொருத்தரா வீட்ட வந்து மன்னிப்புக் கேப்பினம். எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்தி நூர்ஜஹானுக்குக் கை விட்டுப்போம்."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். கதவைச் சாத்திவிட்டு, ஒரு கையால் காரின் கூரையில் இரண்டு தட்டுத் தட்டினார். எப்போதும் அப்படித்தான் தட்டுவார். படியேறிப் போனார்.

இது நடந்து நாலு மாதத்தில் அவர் இறந்தார்.

ஜனாஸாவுக்குப் போனேன். பிக்கரிங் பக்கம் உள்ள அடக்கத்தலத்தில் காற்று பலமாக அடித்தது. தொழுகை நடந்தபோது பின்னால் ஒதுங்கி நின்றேன். மண் போடும் நேரத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் என்னிடம் வந்து, "நீங்கள் ஆர், மௌத்தானவருக்கு என்ன முறை?" என்று மெதுவாகக் கேட்டார். கூட வேலை செய்தனான் என்றேன். பிறகு, ஊரும் ஒன்றுதான் என்றேன். எவடம் என்று கேட்டார். அந்த மனிதரிடம் என் தெருவின் பெயரைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். அவருக்குள்ளும் அந்தக் கணக்கு ஓடியிருக்கும். பிறகு என் முழங்கையைப் பிடித்துக் குழிக்கரைக்குக் கூட்டிக்கொண்டுபோய் விட்டார். மூன்று பிடி மண் போட்டேன். மண் உறைந்து கட்டியாக இருந்தது. விரல்கள் விறைத்துப்போயிருந்தன. அதைத் தவிர எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஐரிஸுக்கு அறிவிக்கவேண்டும் என்று ஷிபானா சொன்னாள். தீவின் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினால் அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுவார்களாம்.

"வாப்பா அவவுக்கு லெற்றர்தானே எழுதுறவர்" என்றாள். "ஷுட் ஐ ஜஸ்ட் ஈமெயில், அங்கிள்?"

"கடிதமே போகட்டும் அம்மா. நான் எழுதுறன்."

இரண்டு பக்கம் எழுதினேன். அவர் எப்படி இறந்தார், எங்கே அடக்கம் செய்தோம் என்று எழுதினேன். என் முழங்கால் விஷயம் பொய் என்றும், ஏன் வரவில்லை என்றும் எழுதினேன். அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்விக்கு, கேட்காமலே பதில் எழுதினேன். கடிதம் இப்போது கேப் டவுனை அடைந்திருக்கும். கப்பல் அடுத்த மாதம் என்று ஷிபானா பார்த்துச் சொன்னாள். அலை விட்டால் அது கரைக்குப் போகும். அதுவரைக்கும் அந்த ஒரு தீவில் ஜலீல் நானா இறக்கவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் பொருளென்று எதுவும் இல்லை. எடுத்துக்கொள்ளுங்கள் என்று நூர்ஜஹான் அவருடைய குளிர்ச்சட்டையை நீட்டினார். அது எனக்குச் சிறியது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்னிடம் இருப்பது ஒரு காலைப்பொழுதுதான்.

வேலையை விட்டபிறகு ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்கு அவர் என்னை அழைப்பார். பெரிய விஷயம் எதுவும் இருக்காது. அந்தக் கார்த் தரிப்பிடத்துப் பேச்சுக்கு மறுநாள், ஏழரைக்கே கைபேசியை மேசையில் வைத்துவிட்டு முன்னால் அமர்ந்திருந்தேன். இனி வராது என்று எண்ணினேன். வராவிட்டால் அது நியாயம் என்றும் எண்ணினேன். எட்டு மணி ஆனது. எட்டு அடித்து ஒரு நிமிடமும் ஆனது. பிறகு கைபேசி அடித்தது.

"யோகன், எங்கட பின்கதவுப் பூட்டு இறுகிப்போச்சு" என்றார். "உங்களிட்ட எண்ணெய் அடிக்கிற டின் ஒண்டு இருந்ததெல்லோ? வரேக்க கொண்டுவாங்கோ. தேத்தண்ணி இஞ்ச குடிப்பம்."

கொண்டுபோனேன். பூட்டுக்கு எண்ணெய் விட்டோம். அரைமணி நேரத்தில் திறந்தது. அந்த அழைப்பைத்தான் நான் வைத்திருக்கிறேன்.